கூட்ரோட்டில் நின்ற பஸ்

போன் மணி அடித்தாலே எனக்கு எரிச்சல் வரும். இன்றும் அப்படித்தான். நான் செய்த காரியம் அந்த எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் முன்னேற்றம், கிராமத்துக்கு விடிவு என்றெல்லாம் பிற்பாடு எங்கள் எச்.ஆர். மேனேஜர் ஒரு கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசி, தானும் கைதட்டி எல்லோரையும் கைதட்ட வைத்தார். நானும் வெட்கப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உண்மையில், என் மேஜைமேல் இருந்த போன் வாயை மூட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எந்த பஸ் என்று பார்க்கிற இடம் அது. லைனில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு பஸ் நிறைய வருவார்கள். விடிவதற்குள் ஏறி ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்து, மதியம் இரண்டரைக்குத் திரும்பக் கிளம்புவார்கள். கவரைப்பேட்டை, ரோடு பிரியும் ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு, பெரியபாளையம் என்று போய் நாலு மணிக்கு முன்னே பின்னே ஊத்துக்கோட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அவரவர் ஊருக்குப் போவார்கள்.

பஸ் கேட்டைத் தாண்டிய அடுத்த நிமிஷம் என் போன் அடிக்கத் தொடங்கும். எல்லாம் அப்பாக்கள். நடுவில் ஓரிரு அண்ணன்கள். "மேடம், பஸ்ஸு எங்க வந்துகினு கீது?" இதே கேள்விதான். எனக்கு எப்படித் தெரியும்? டிரைவரைக் கூப்பிட்டால் ஓட்டும்போது எடுக்கமாட்டார். எடுத்தாலும் தப்பு. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பாதிப் பெண்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். மீதிப் பேருக்குச் சொந்தமாகப் போன் கொடுக்கப்படவே இல்லை. ஆக, அந்த ஒன்றரை மணி நேரமும் பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்பதற்கு உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்குக் காது புளித்துப்போனது.

நான் கவரைப்பேட்டைக்காரி. என் அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். என்னைப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லையே என்று ஒரு குறை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்தக் குறையும் இந்த எரிச்சலும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒருநாள் பஸ் விடும் டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். அவருடைய எல்லா பஸ்ஸிலும் ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிகளைக் கொடுத்த கம்பெனியின் வெப்சைட்டில் போய்ப் பார்த்தால் எந்த பஸ் எங்கே என்று தெரியும். எனக்கும் பார்க்க வழி உண்டா என்று கேட்டேன்.

"இதுக்கு இன்னா மேடம் வழி, என் பாஸ்வேர்டையே போட்டுக்குங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி கொடுக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் போனிலேயே சொன்னார். நான் டெலிபோன் டைரியின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அனுமதி என்றால் அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை. பெட்டிக் கம்பெனிக்காரர்களைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் புரோகிராம் எழுதி முடித்தேன். அது நிமிஷத்துக்கு ஒருமுறை டிராவல்ஸ்காரர் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு அந்த வெப்சைட்டுக்குள் போகும். பஸ் இருக்கிற இடத்தை எடுத்துக்கொண்டு வரும். வழியில் பதினோரு ஊர்களை நான் குறித்து வைத்திருந்தேன். பக்கத்தில் எது இருக்கிறதோ அந்தப் பெயரை ஒரு வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்டும். 'பஸ் இப்போது: பெரியபாளையம்'. மேப் கிடையாது, பச்சைப் புள்ளி கிடையாது. டிராக்டர் ஓட்டுகிறவர் வெயிலில் நின்று பார்த்தாலும் படிக்க முடிய வேண்டும் என்று நினைத்தேன். அந்த விஷயத்தில் நான் கெட்டிக்காரிதான்.

அப்பாக்கள் எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். ஒரு வாரத்தில் போன் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி வேறுவிதமாக வந்தது. முதலில் நான் ஊர்ப்பெயருக்குக் கீழே 'மூன்று நிமிடங்களுக்கு முன்' என்று சின்னதாக நேரமும் போட்டிருந்தேன். "மூணு நிமிஷத்துக்கு முன்னாடி கூட்ரோடு சரி மேடம், இப்ப எங்க?" என்று கேட்டார்கள். நேரத்தை எடுத்துவிட்டேன். சில இடங்களில் சிக்னல் போய்விடும். அப்போது பக்கம் வெறுமையாக இருக்கும். "மேடம், பஸ்ஸ காணோம்" என்று பதறினார்கள். அதனால் புது இடம் வராவிட்டால் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிரு என்று ஒரு வரி எழுதினேன். அதன் பிறகு போன் அநேகமாக நின்றே போனது. அந்த மாதம் நான் மதியத்தில் நிம்மதியாக டீ குடித்தேன்.

அடுத்த வீட்டுக் குழாயிலிருந்து ஓஸ் போட்டு ஊருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவள் நான். குழாய் யாருடையது என்பதை நான் மறந்துபோனேன். குடித்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அந்தப் பெண் வந்தது இதற்கு இரண்டு மாதம் கழித்து. ஊத்துக்கோட்டையிலிருந்து இன்னும் உள்ளே, ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர். இருபது வயது. இன்டர்வியூவில் தேறியிருந்தாள். ஆனால் வேலையில் சேர அல்ல, கொடுத்த சர்டிபிகேட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள். கூடவே அவள் அப்பா, தோளில் துண்டோடு. டிராக்டர் ஓட்டுகிறவர்.

"அனுப்பறதில்லனு முடிவு பண்ட்டோம் மேடம்" என்றார். "அவ்ளோ தூரம். போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது."

அவள் டைம் ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க போனைக் கொடுங்கண்ணா" என்று வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பஸ் கொஞ்ச நேரத்தில் கவரைப்பேட்டைக்கு வந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து நிமிஷத்தில் பெயர் மாறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மாறியது. மகளுக்கும் காட்டாமல் போனை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

"செரி, சேரட்டும்" என்றார். "இது மட்டும் இல்லனா அனுப்பவே மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பத்து மாதம் வந்தாள். ஒருநாள் லீவு கிடையாது. கை அவ்வளவு வேகம். நாற்பது வயர்களை நிறம் பார்த்துப் பிரித்துச் செருகுவதில் அவள் லைனில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சூப்பர்வைசரே சொல்லுவார். ஒரு வருஷ டிரெய்னிங் முடிந்தால் பர்மனென்ட். அதற்கு இரண்டே மாதம் பாக்கி. பர்மனென்ட் ஆனால் கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருநாள் என் மேஜைக்கு வந்து சொன்னாள். "நைனா வாயாலயே சொன்னாருக்கா" என்று அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது. அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மதியம் மூன்று மணி தாண்டி, பஸ் கூட்ரோட்டில் திரும்பும் நேரம். பெட்டிக் கம்பெனிக்காரர்கள் தங்கள் வெப்சைட்டின் பூட்டை மாற்றினார்கள். இனிமேல் பாஸ்வேர்டு மட்டும் போதாது. டிராவல்ஸ்காரரின் போனுக்கு வரும் எண்ணையும் போட வேண்டும். ஒரே ஆள் நிமிஷத்துக்கு ஒருமுறை ராத்திரி பகலாக வந்து போவதைக் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் வீடு, அவர்கள் பூட்டு. தப்பே சொல்லமுடியாது. என் புரோகிராம் கதவைத் தட்டிப் பார்த்தது. திறக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே பழைய இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. 'பஸ் இப்போது: ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு'. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாலரை தாண்டியிருக்கும். போன் அடித்தது. பல வாரமாக அடிக்காத போன். நான் ஓவர்டைம் லிஸ்டில் தலையை விட்டிருந்தேன்.

"மேடம், நாந்தான்" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. "பஸ்ஸு கூட்ரோட்லயே நிக்குதா?"

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "ஆமாண்ணா. கூட்ரோடுதான் காட்டுது."

"ஒரு மணி நேரத்துக்கு மேல அங்கயே கீதே."

"டிராஃபிக்கா இருக்கும்ணா. லாரி எதுனா கவுந்திருக்கும். வந்துடும்."

"நல்லா பாத்து சொல்லு மேடம். பஸ்ஸு இன்னும் ஊத்துக்கோட்டைக்கு வரல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதான் சொல்றேனேண்ணா. உங்களுக்கு இன்னா காட்டுதோ அதான் எனக்கும் காட்டுது. பஸ் கூட்ரோட்டாண்டதான் இருக்கு. இன்னும் வரல."

"செரி மேடம்" என்று வைத்துவிட்டார். நான் லிஸ்டை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது மகள் அவர் எதிரிலேயே டிபன் பையோடு நின்றிருக்கிறாள். பஸ் சரியாக வந்து ஊத்துக்கோட்டையில் விட்டு, ஷேர் ஆட்டோவில் வழக்கமான நேரத்துக்கு வீடு வந்திருக்கிறாள். எப்படி வந்தாய் என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் என்றிருக்கிறாள். பஸ் இன்னும் கூட்ரோட்டில் நிற்கிறதே என்று போனைக் காட்டியிருக்கிறார். அவளுக்குப் புரியவில்லை. பிறகுதான் எனக்குப் போன் போட்டிருக்கிறார். நான் சாட்சி சொல்லி முடித்தேன். பஸ்ஸே வராதபோது மகள் மட்டும் வந்திருக்கிறாள் என்றால், நடுவழியில் கூட்ரோட்டில் இறங்கி யார் வண்டியிலோ வந்திருக்கிறாள். இதைவிட நேரான கணக்கு வேறென்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

மறுநாள் காலை வந்ததும் வராததுமாக ஒரு அப்பா கூப்பிட்டார். "மேடம், பஸ்ஸு நைட்டெல்லாம் கூட்ரோட்லயே தூங்குச்சா?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டு எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் வாசலில் நிற்கிறது; என் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் கூட்ரோட்டில் நிற்கிறது. அப்போதே அந்த ஊர்ப்பெயரை அழித்துவிட்டு 'ரிப்பேர்' என்று போட்டேன். மற்ற வீடுகளில் முந்தின நாள் யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் பெண் வந்ததும் போனை வைத்துவிட்டார்கள். இந்த ஒரு வீட்டில்தான் இப்படி ஆகியிருந்தது. அந்தப் பெண் அன்று வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அதே பஸ்ஸில் வருகிற ஒருத்தி வந்து சொன்னாள்.

"அவள அவங்க நைனா வெளிய விடமாட்றாருக்கா. நாங்க போயி சொன்னோம், எங்ககூடதான் வந்தான்னு. நீங்கல்லாம் ஒரே செட்டுனு சொல்ட்டாரு. டிரைவர் அண்ணனும் போன் பண்ணாரு. அது இன்னும் பேஜாராப் பூடுச்சி. டிரைவர் எதுக்கு எம்பொண்ணுக்காவப் பேசறான்னு கேக்கறாரு."

மனுஷர்கள் சொன்னால் எடுபடாது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் சொன்னதை மெஷின்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு பஸ் ஊத்துக்கோட்டையில் இருந்தது என்று ஒரு காகிதம், பெட்டிக் கம்பெனியின் பெயரோடு. அது கிடைத்தால் போதும். என்னிடம் அது இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக நிமிஷத்துக்கு நிமிஷம் எடுத்துக் காட்டினேனே தவிர, ஒன்றையும் நான் சேர்த்துவைக்கவில்லை. பழைய இடத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று நினைத்திருந்தேன். கடைசியாக வந்த ஒரே ஒரு இடம்தான் என்னிடம் இருந்தது, அதுதான் அவளைக் கெடுத்தது.

பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். நல்ல மரியாதையான குரல். பஸ் நம்பர் சொன்னேன், தேதி சொன்னேன்.

"ரெக்கார்ட் இருக்கு மேடம். ஸ்கிரீன்ல பாத்துட்டுதான் பேசறேன்" என்றான். "ஆனா அது கஸ்டமருக்குச் சொந்தமான டேட்டா. கஸ்டமர் மெயில் போட்டா அவருக்கு அனுப்புவோம். நீங்க கஸ்டமர் இல்லையே."

"எனக்குக் காகிதம்கூட வேணாம் தம்பி. நாலு மணிக்கு பஸ் எங்க இருந்துச்சு, அது மட்டும் வாயால சொல்லுங்க."

"சாரி மேடம்."

"ஒரு பொண்ணோட வாழ்க்கைப்பா."

"புரியுது மேடம். சாரி." அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

டிராவல்ஸ்காரர் ஆபீஸுக்கு நேரிலேயே போனேன். அன்றைக்குத் தீப்பெட்டி கொடுத்த மாதிரி கொடுத்தவர் இப்போது உட்காரக்கூடச் சொல்லவில்லை. என்னால் அவருக்குப் பெட்டிக் கம்பெனியிலிருந்து ஓலை வந்திருந்தது. "பாக்கறதுக்குக் குடுத்தேன் மேடம். ஊருக்கெல்லாம் ஒளிபரப்பு பண்றதுக்கா குடுத்தேன்?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். ஒரே ஒரு மெயில் போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அந்த ரிப்போர்ட்ல இடம் மட்டுமா வரும்? ஸ்பீடும் வரும். எங்க எவ்ளோ வேகத்துல ஓட்டினான்னு அத்தனையும் வரும். அது உங்க கம்பெனி கைக்குப் போச்சுன்னா என் கான்ட்ராக்ட் காலி."

"அந்தப் பகுதிய வெட்டிட்டுக் கொடுங்க."

"வெட்டின காயிதத்த அந்த ஆளு நம்புவாரா?"

நம்பமாட்டார்தான். எதிராளி சொல்வது சரியாக இருக்கும்போது சண்டை போடுவதற்கும் ஒன்றுமில்லை. வெளியே வந்தேன்; உட்காராததால் எழுந்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக எச்.ஆர். மேனேஜர். கம்பெனி கேட்டால் டிராவல்ஸ்காரர் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். அவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு, "இதை யாரைக் கேட்டுப் பண்ணீங்க?" என்றார்.

"நீங்கதான் சார் மீட்டிங்ல கைதட்டினீங்க."

"கைதட்டினேன். அப்ரூவல் கொடுத்தேனா? மெயில் இருக்கா?" அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். ஒரு பெண்ணின் வீட்டு விவகாரத்தில் கம்பெனி காகிதம் கொடுத்தால் நாளைக்கு அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர் வெளியே வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

எடுத்துவிட்டேன். மறுநாள் மதியத்திலிருந்து போன் மறுபடியும் அடித்தது. "பேஜ் வரல மேடம்", "எப்ப வரும் மேடம்", "இத்த நம்பித்தான அனுப்பினோம்". அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு பெண்கள் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். பக்கம் இருந்ததால் ஒருத்தி போனாள், இல்லாததால் இரண்டு பேர் போனார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். புரோகிராமில் பழைய இடத்தையே காட்டு என்று நான் எழுதியிருந்த அந்த வரியை அவள் அப்பாவுக்குக் காட்டிப் புரியவைத்துவிடலாம் என்று நம்பினேன். என்னை மாதிரி ஒருத்திக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

வாசலில் டிராக்டர் நின்றது. அவர் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவள் அம்மா டீ கொடுத்தாள். அந்தப் பெண் உள்ளறையில் இருந்தாள். கதவோரம் பாவாடை நுனி மட்டும் தெரிந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து, விரலால் அந்த வரியைத் தொட்டு, அரைமணி நேரம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இத்த எழுதினது யாரு?"

"நான்தாண்ணா."

"அப்ப இன்னிக்கி வர்றதுக்கு முன்னாடி நீ இன்னா வோணா எழுதிக்கினு வந்திருக்கலாம் இல்ல?"

லேப்டாப்பை மூடிவிட்டேன். என் கையால் எழுதியது எதுவும் சாட்சியாகாது. சாட்சியாகக்கூடியது எதுவும் என் கையில் இல்லை.

"அன்னிக்கி அது தப்பா காட்டிச்சிண்ணா. உங்க பொண்ணு பொய் சொல்லல. நானும் அதே பேஜைப் பாத்துட்டுதான் உங்ககிட்ட சொன்னேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. சத்தியமா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "நீ சொல்றது நெசம்னே வெச்சிக்குவோம்மா. அன்னிக்கி அது தப்பா காட்டிச்சி. அப்ப மத்த நாளு? பத்து மாசமா தெனம் பாத்தேன். ஏர் ஓட்டறப்பகூட வண்டிய நிறுத்திட்டுப் பாத்தேன். அதுலல்லாம் எது நெசம், எது தப்பு? எம்பொண்ணு எங்க இருந்தான்னு இந்தப் பத்து மாசமும் எனக்குத் தெரியவே தெரியாதா?"

பக்கம் சரி என்றால் அவள் பொய்க்காரி. பக்கம் தப்பு என்றால் அவள் வேலைக்குப் போன ஒரு நாளுக்கும் கணக்கில்லை. எந்தப் பக்கம் போனாலும் அவள்தான் மாட்டிக்கொண்டாள், நான் கட்டிய வலையில். இதற்குத்தானா ஞாயிற்றுக்கிழமைகளை உட்கார்ந்து தேய்த்தேன் என்று என்மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

கிளம்பும்போது, ஷேர் ஆட்டோ வரும் ரோடு வரைக்கும் அவள் கூட வந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அந்தப் பேஜ நான் ஒரு தபாகூடப் பாத்ததில்லக்கா. எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

"வெள்ளையா இருக்கும். நடுவுல பஸ் இருக்கற ஊர் பேரு வரும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இன்னும் நாலு எட்டு நடந்தாள். "பஸ்ஸுக்குள்ள நாங்க அவ்ளோ பேரு குந்திக்கினு இருந்தோம். எங்கள்ல ஒருத்தியாண்டகூட அது வோணுமான்னு நீ கேக்கலியேக்கா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டிராவல்ஸ்காரரைக் கேட்டேன். பெட்டிக் கம்பெனிப் பையனிடம் கெஞ்சினேன். மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றேன். இன்றைக்கு அவள் அப்பா எதிரில் அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன். இவளைக் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அழுகை வந்தது. அவர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆட்டோ வந்தது. "என் லாக்கர்ல செருப்பும் சின்ன டிபன் பாக்ஸும் கீதுக்கா" என்றாள். "புதுசா வர்ற பொண்ணுக்கு லாக்கர் வேணும்னு கேப்பாங்க. எடுத்து வெச்சிடு."

"நானே கொண்டாந்து கொடுக்கறேன்."

"நீ வராதக்கா. உன்னப் பாத்தா நைனாவுக்குத் திரும்பவும் அதே ஞாபகம்தான் வரும். யார் கையிலயாச்சும் குடுத்தனுப்பு."

நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள். அவர் ரோட்டோரம் ஒதுங்கி அவளை முன்னால் போகவிட்டு, பத்தடி தள்ளி அவள் பின்னாலேயே நடந்து போனார்.